வெந்நீரும் வலிப்பும்

நம் ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரி இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றி ஓடுகிறது. பசிமவாகினியிலும் சங்கமத்திலும் வெளியூர் மக்கள் வந்து முழுகிவிட்டுப் போகிறார்கள். ஆனால் வீட்டில் நமக்கு வெந்நீர்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எண்ணெய் தேய்க்க வேண்டும். அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்க வேண்டும். சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் குளித்த மாதிரி இருக்கும்.

அந்த வெந்நீரே சிலருக்கு வலிப்பைக் கொண்டுவருகிறது. கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா? நானும் முதலில் நம்பவில்லை.

எங்கள் இரவு வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். கரும்பு வெட்டும் வேலை. பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்தாலும் பலகையும் நோட்டும் கையில் இருக்கும். திடீரென்று இரண்டு வாரம் அவர் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மகன் திண்ணையில் படுத்திருந்தான். 11 வயது. நெற்றியில் காயம்.

"என்ன அக்கா, பையன் விழுந்துவிட்டானா?" என்று கேட்டேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, வெளியே சொல்லாதே. குளிக்கிறபோது இவனுக்கு வலிப்பு வருகிறது. மூத்தவள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்?"

பாட்டி காற்று கருப்பு என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தாயத்து கட்டச் சொன்னார். அக்கா மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தார். "பள்ளிக்கூடத்தில் வருவதில்லை. வாய்க்காலில் குளித்தால் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் ஊற்றினால்தான் வருகிறது" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் மிகவும் முக்கியமானது. ஏன் என்று பார்ப்போம்.

வலிப்பு என்றால் என்ன?

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சு மிகச் சிறிய மின்சாரத்தால் நடக்கிறது. கையைத் தூக்குவது, பார்ப்பது, நினைப்பது எல்லாம் அந்த மின்சாரத்தால்தான்.

வகுப்பில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேட்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் என்ன ஆகும்? ஒன்றும் புரியாது. அதுபோல மூளையின் செல்கள் பல ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளிவிட்டால் வலிப்பு வருகிறது. சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். நினைவு தப்பும். சிலருக்கு இழுப்பே இருக்காது. ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் பதில் வராது. சம்பந்தமில்லாமல் ஏதோ பேசுவார்கள். அதுவும் வலிப்புதான்.

ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தால் அதை வலிப்பு நோய் என்று சொல்லிவிட முடியாது. சிறு குழந்தைக்குக் காய்ச்சலில் வரலாம். திரும்பத் திரும்ப வந்தால்தான் வலிப்பு நோய்.

வலிப்பு நோய்க்குக் காரணங்கள் பல. தலையில் அடி பட்டிருக்கலாம். பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுத் திணறி இருக்கலாம். மூளைக் காய்ச்சல் வந்திருக்கலாம். நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் தங்கி இருக்கலாம். பலருக்குக் காரணம் பிறவியிலேயே உடம்பில் இருக்கிறது.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால், 10 பேரில் 7 பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வெந்நீர் வலிப்பு

சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிட ஏதோ ஒன்று வேண்டும். மின்னி மின்னி எரியும் விளக்கைப் பார்த்தால் சிலருக்கு வரும். நம் பக்கத்தில் சூடான தண்ணீர் தலையில் பட்டால் சிலருக்கு வருகிறது. இதற்கு வெந்நீர் வலிப்பு என்று பெயர்.

1945 இல் நியூசிலாந்து நாட்டில் ஒரு டாக்டர் இப்படி ஒரு பையனைப் பற்றி எழுதினார். அது அங்கே அபூர்வமான நோய். நம் நாட்டில் 1968 இல் பெங்களூரில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகு நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1988 இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் டாக்டர் பி. சதீஷ்சந்திரா குழுவினர் 279 பேரைப் பற்றி எழுதினார்கள்.

இந்த நோய் கர்நாடகத்தின் தென்பகுதியில்தான் அதிகம். பெங்களூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கு 2004 இல் வெளிவந்தது. லட்சம் பேரில் சுமார் 880 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. நகரத்தைவிடக் கிராமத்தில் இரண்டு மடங்கு இருந்தது. வெந்நீர் வலிப்பு மட்டும் லட்சம் பேரில் 60 பேருக்கு இருந்தது. சாமராஜநகர் மாவட்டத்து எளந்தூர்ப் பக்கம் இது இன்னும் அதிகம். துருக்கி, ஜப்பான் முதலிய நாடுகளிலும் இந்த நோயைப் பார்த்திருக்கிறார்கள்.

யாருக்கு வருகிறது? பெரும்பாலும் சிறுவர்களுக்கும் வாலிபர்களுக்கும் வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம்.

எப்போது வருகிறது? நாம் ஊற்றிக்கொள்ளும் வெந்நீரின் சூடு பல வீடுகளில் 40 முதல் 50 டிகிரி வரை இருக்கும். நம் உடம்பின் சூடு 37 டிகிரிதான். அவ்வளவு சூடான தண்ணீரை வேகமாக, மேலும் மேலும் தலையில் ஊற்றுகிறோம். அப்போதுதான் வருகிறது. குளிர்ந்த நீரில் குளித்தால் பெரும்பாலும் வருவதில்லை.

சிலருக்கு வலிப்பு தொடங்கும்போது ஒருவித சுகம் தெரியுமாம். அதனால் நிறுத்தாமல் மேலும் மேலும் ஊற்றிக்கொள்வார்கள். பார்ப்பவர்கள் "பேய் பிடித்தவன் மாதிரி ஊற்றுகிறானே" என்பார்கள். அது பேயின் வேலை அல்ல. நோயின் அடையாளம்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

வலிப்பு வரும் நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இருப்பதில்லை. நோயாளிக்கும் நினைவு இருப்பதில்லை. அப்படியானால் நடந்ததை யார் சொல்ல வேண்டும்? பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். தாய், மனைவி, அண்ணன், வாத்தியார் சொல்லும் விவரமே முதல் பரிசோதனை.

டாக்டர் கேட்கும் கேள்விகள் இவை. எந்த நேரத்தில் வந்தது? அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்? கண் எந்தப் பக்கம் போனது? எந்தக் கை முதலில் இழுத்தது? எவ்வளவு நேரம் இருந்தது? நாக்கைக் கடித்துக்கொண்டாரா? தெளிந்த பிறகு எப்படி இருந்தார்? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் செல்போனில் படம் எடுத்துக் காட்டலாம். அதுவும் டாக்டருக்கு உதவும்.

பிறகு இ.இ.ஜி. எடுப்பார்கள். தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்சாரத்தைக் கோடுகளாக வரைவார்கள். வலிக்காது. ஷாக் அடிக்காது. வெந்நீர் வலிப்பு உள்ள பலருக்கு மற்ற நேரத்தில் இந்தக் கோடுகள் சரியாகவே இருக்கும். "இ.இ.ஜி. நன்றாக இருக்கிறது, நோய் இல்லை" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. தேவைப்பட்டால் மூளையை ஸ்கேன் எடுப்பார்கள். புழுக் கட்டியோ வேறு கட்டியோ இருந்தால் அதில் தெரியும்.

அக்காவிடம் நான் சொன்னேன். "நீங்கள் கவனித்ததை எல்லாம் நோட்டில் எழுதுங்கள் அக்கா. எழுதத்தான் கற்றுக்கொண்டீர்களே" என்றேன். அவர் கோணல் எழுத்தில் எழுதினார். தேதி, கிழமை, வெந்நீர், எண்ணெய், எத்தனை சொம்பு, எத்தனை நிமிடம் என்று ஒரு பக்கம் நிறைந்தது. அந்தப் பக்கத்தைத்தான் டாக்டர் முதலில் படித்தார். "இதை யார் எழுதியது?" என்று கேட்டார். "நான்தான்" என்று சொன்னபோது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குடும்பத்தில் வருமா?

டாக்டர் கேட்டதும் வீட்டில் பேச்சு எழுந்தது. பையனின் பெரியப்பாவுக்கும் சிறு வயதில் குளிக்கும்போது மயக்கம் வருமாம். "மயக்கம்" என்று சொல்லி மூடி வைத்திருந்தார்கள்.

வெந்நீர் வலிப்பு உள்ள எல்லார் குடும்பத்திலும் இப்படி இருக்காது. பலர் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் இருக்கும். சில குடும்பங்களில் மட்டும் தாத்தா, அப்பா, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக வருகிறது. அது எப்படி?

நம் உடம்பு செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பை எப்படிக் கட்ட வேண்டும், எப்படி நடத்த வேண்டும் என்று அதில் எழுதி இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் பாகங்களுக்குக் குரோமோசோம் என்று பெயர். மொத்தம் 46. அம்மாவிடம் இருந்து 23, அப்பாவிடம் இருந்து 23. அந்தப் பாகங்களில் உள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் மரபணு என்று பெயர். மனிதனுக்குச் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன.

எழுத்து மாறினால் பொருள் மாறும் என்று நமக்குத் தெரியும். "பால் வாங்கி வா" என்று எழுத நினைத்தோம். ஒரு காலை விட்டுவிட்டோம். "பல் வாங்கி வா" என்று ஆகிவிட்டது. மரபணுவிலும் ஓர் எழுத்து மாறிப்போவது உண்டு. சில மாற்றங்களால் ஒரு கெடுதலும் இல்லை. சில மாற்றங்களால் உடம்பின் ஒரு வேலை கெட்டுப்போகிறது. அந்த மாறிய எழுத்து பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வரலாம்.

இது பாவமும் அல்ல, சாபமும் அல்ல. மூக்கு அப்பாவைப் போல, சுருட்டை முடி அம்மாவைப் போல வருகிறதே, அதைப் போலத்தான்.

பெங்களூரில் நடந்த ஆராய்ச்சி

மாறிய எழுத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 20,000 பாடத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழை! வைக்கோல் போரில் ஊசியைத் தேடுவது போலத்தான்.

வழி காட்டியவை பெரிய குடும்பங்கள்தான். 1995 இல் ஆஸ்திரேலியா நாட்டில் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பலருக்குத் தூக்கத்தில் வலிப்பு வரும். அவர்களின் ரத்தத்தைச் சோதித்து, வலிப்புக்குக் காரணமான ஒரு மரபணுவைக் கண்டார்கள்.

நம் பக்கத்தில் வெந்நீர் வலிப்பை ஆராய நிம்ஹான்ஸ் டாக்டர்களும், பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானி அனுரஞ்சன் ஆனந்த் குழுவினரும் சேர்ந்தார்கள். வெந்நீர் வலிப்பு உள்ள குடும்பங்களைத் தேடினார்கள். யாருக்கு யார் மகன், யாருக்கு நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வம்ச மரம் வரைந்தார்கள். குடும்பத்தாரின் சம்மதத்தோடு கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். நோய் உள்ளவர்களிடம் எல்லாம் இருந்து, நோய் இல்லாதவர்களிடம் இல்லாத பகுதி எது என்று பார்த்தார்கள்.

2009 இல் விடையின் ஒரு பகுதி கிடைத்தது. சில குடும்பங்களில் காரணம் 10 ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில் இருக்கிறது என்று தெரிந்தது. வேறு குடும்பத்தில் 4 ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி என்று தெரிந்தது. ஒருவரைத் தேடிப் போகிறோம். "அவர் மண்டியா மாவட்டம், ஸ்ரீரங்கப்பட்டணம் தாலுகா" என்று மட்டும் தெரிகிறது. ஊரும் தெருவும் தெரியவில்லை. அது போன்ற நிலை.

2017 இல் சில குடும்பங்களுக்கு வீட்டு எண்ணே கிடைத்தது. 9 ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. அதன் பெயர் எஸ்.எல்.சி.1ஏ1. வெந்நீர் வலிப்பு உள்ள சில குடும்பங்களில் அந்த மரபணுவில் அபூர்வமான எழுத்து மாற்றங்கள் இருந்தன.

அந்த மரபணுவுக்கு என்ன வேலை? நம் ஊர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. மடையைத் திறக்கிறோம். வயல் நனைகிறது. போதுமானது பாய்ந்ததும் மடையை அடைக்க வேண்டும். மிஞ்சிய நீரை வடிக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாவிட்டால்? வயல் மூழ்கிப்போகும்.

மூளையிலும் அப்படித்தான். ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லை எழுப்பக் குளூட்டமேட் என்ற பொருளை வெளிவிடுகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அந்தப் பொருளை அங்கிருந்து அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த செல் அடங்காமல் துடித்துக்கொண்டே இருக்கும். அள்ளும் வேலையைச் செய்யும் ஒரு புரதத்தை உண்டாக்கச் சொல்வதுதான் அந்த மரபணு. அதில் எழுத்து மாறினால் அள்ளும் வேலை சரியாக நடக்காமல் போகலாம். பிறகு வெந்நீர் தலையில் பட்டு மூளையைத் தூண்டும்போது வலிப்பு வரலாம்.

எல்லாக் குடும்பத்திலும் இதே மரபணுதான் என்று சொல்ல முடியாது. ஒரே நோய்க்கு வீட்டுக்கு வீடு காரணம் வேறாக இருக்கிறது. தேடல் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். காரணம் உடம்புக்குள் இருக்கிறது. வேப்பிலையால் அடித்து அதை விரட்ட முடியாது.

ரத்தப் பரிசோதனை செய்தால் போதுமா?

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் கேட்டார். "அப்படியானால் எல்லாரும் ரத்தம் கொடுத்து மரபணுவைப் பார்த்துவிடலாமே?"

நல்ல கேள்வி. வெந்நீர் வலிப்பைக் கண்டுபிடிக்க மரபணுப் பரிசோதனை தேவை இல்லை. குளிக்கும்போது வருகிறது என்ற விவரமே போதும். மரபணு மாற்றம் இருந்தும் வலிப்பே வராதவர்கள் குடும்பத்தில் இருக்கலாம்.

வேறு சில வலிப்பு நோய்களில் மரபணுப் பரிசோதனை மிகவும் உதவுகிறது. கைக்குழந்தைக்கு 1 வயதுக்குள் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு திரும்பத் திரும்ப வந்தால், அது டிராவே நோயாக இருக்கலாம். அந்தக் குழந்தைகளுக்கும் வெந்நீர்க் குளியலில் வலிப்பு வருவது உண்டு. பலருக்குக் காரணம் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணு. 2001 இல் இது தெரியவந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் சில வழக்கமான மாத்திரைகள் இந்தக் குழந்தைகளுக்கு நோயை அதிகமாக்கும். மரபணுவைப் பார்த்தால் எந்த மருந்து வேண்டாம் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த ஆராய்ச்சி வெறும் பட்டப்படிப்புக்காக அல்ல, நம் குழந்தைகளுக்காகவும்தான்.

எந்தப் பரிசோதனை வேண்டும் என்று நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாமாகப் போய்ப் பணம் கட்டிச் செய்துகொள்ள வேண்டாம்.

குளிப்பதை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். முறையை மாற்றினால் போதும்.

தண்ணீரின் சூட்டைக் குறையுங்கள். முழங்கையை நனைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சுடக் கூடாது. முதலில் காலுக்கும் உடம்புக்கும் ஊற்றுங்கள். தலைக்குக் கடைசியில், மெதுவாக, கொஞ்சமாக ஊற்றுங்கள். சிலர் ஈரத் துணியால் தலையைத் துடைத்துக்கொள்கிறார்கள். அதுவும் நல்லது. பலருக்கு இது ஒன்றிலேயே வலிப்பு நின்றுவிடுகிறது.

இதில் நிற்காவிட்டால் டாக்டர் மாத்திரை கொடுப்பார். சிலருக்குத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளிப்பதற்கு முன்னால் சாப்பிட ஒரு மாத்திரை உண்டு. சிலருக்கு மற்ற நேரத்திலும் வலிப்பு வரத் தொடங்கும். அவர்கள் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். "நன்றாகிவிட்டது" என்று நாமே மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாக வரும்.

குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள். வெளியே ஒருவர் இருக்கட்டும். கொதிக்கும் அண்டாவைப் பக்கத்தில் வைக்காதீர்கள். "வெந்நீர்தானே ஆகாது, ஆற்றில் குளிக்கலாமே" என்று சிலர் நினைக்கலாம். வலிப்பு உள்ளவர் காவிரியிலோ வாய்க்காலிலோ தனியாக இறங்கவே கூடாது. ஆழமில்லாத நீரிலும் முகம் மூழ்கினால் உயிர் போய்விடும்.

வலிப்பு வந்துவிட்டால் பதற வேண்டாம். தண்ணீரையும் அடுப்பையும் விட்டு அவரை விலக்குங்கள். ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும்.

கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். முழு நினைவு வரும் வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். கையில் சாவியைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை. வலிப்பு தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருக்கிறது, அவ்வளவுதான். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு வருவதற்குள் மறுபடி வந்தாலோ உடனே 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

கல்யாணம் செய்யலாமா?

இதுதான் அக்காவின் உண்மையான பயம். பையனைவிடப் பெண்ணின் கல்யாணத்தைத்தான் நினைத்து அவர் அழுதார்.

வலிப்பு தொற்று நோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. எச்சில் பட்டாலும் ஒட்டாது. வலிப்பு உள்ளவர் படிக்கலாம், வேலை செய்யலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். முன்பு நம் நாட்டின் திருமணச் சட்டத்தில், வலிப்பைக் காரணம் காட்டித் திருமணம் செல்லாது என்று சொல்ல இடம் இருந்தது. 1999 இல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறிவிட்டது. நம் மனம்தான் மாற வேண்டும்.

பிள்ளைக்கு வருமா? தலைமுறையாக வரும் சில குடும்பங்களில், நோய்க்கான மாற்றம் ஒவ்வொரு பிள்ளைக்கும் போக ஒன்றுக்குப் பாதி வாய்ப்பு உண்டு. போனாலும் வலிப்பு வந்தே தீரும் என்பது இல்லை. மற்றக் குடும்பங்களில் வாய்ப்பு இன்னும் குறைவு. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது. டாக்டர் மாற்றிக் கொடுப்பார்.

மறைத்துக் கல்யாணம் செய்தால் என்ன ஆகும்? புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிட வேண்டும். ஒரு நாள் விட்டுப்போகும். வலிப்பு வரும். சொல்லிவிட்டுச் செய்வதே நல்லது.

இப்போது அந்தப் பையன் எப்படி இருக்கிறான்? வெதுவெதுப்பான நீரில் குளிக்கிறான். கதவு வெறுமனே சாத்தி இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறான். அக்கா மறுபடி வகுப்புக்கு வருகிறார். அந்த நோட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வரி எழுதுகிறார். "இன்று வரவில்லை." அடுத்த வாரமும் "இன்று வரவில்லை." அவர் எழுத்து இப்போது நேராக வருகிறது.

பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததற்கும் முதல் அடி இதுதான். ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாய் கவனித்தாள். மறைக்காமல் சொன்னாள். நீங்களும் கவனியுங்கள். எழுதுங்கள். சொல்லுங்கள்.

நினைவில் வையுங்கள்

1. வலிப்பு மூளையின் மின்சாரத்தில் வரும் கோளாறு. பேய் அல்ல.
2. சூடான நீரைத் தலையில் ஊற்றினால் சிலருக்கு வலிப்பு வரும். சூட்டைக் குறைத்தால் பலருக்கு நிற்கும்.
3. பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.
4. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.
5. ஆற்றில் தனியாகக் குளிக்கக் கூடாது.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் யாருக்காவது வலிப்பு வந்தால் இதுவரை என்ன செய்தீர்கள்? இனி என்ன செய்வீர்கள்?
2. வலிப்பை வீட்டில் ஏன் மறைக்கிறார்கள்? மறைப்பதால் யாருக்கு நஷ்டம்?
3. உங்கள் குடும்பத்தின் வம்ச மரத்தை நோட்டில் வரைந்து பாருங்கள். யாருக்கு என்ன நோய் இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.